அடுக்குமாடிக் குடியிருப்பின் கார்பன் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலோ அதுபோன்ற ஊர்களிலோ ஒரு வளாகமாக, ஒரு தெருவாகச் சேர்ந்து இருப்பவர்களுக்கான பக்கம் இது. சங்கக் கூட்டங்களில் இந்தப் பேச்சை எடுத்ததும் வரும் கேள்விகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியிருக்கிறோம். கணக்குகள் தோராயமானவை. எது பெரிய செலவு, எது சில்லறை என்று தெரிந்துகொள்ள அது போதும். கிராமத்திலிருந்து படிப்பவர்களுக்கும் கடைசிப் பக்கமாகக் கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் குடியிருப்பு எவ்வளவு கார்பன் வெளியிடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆலோசகர் யாரையாவது அழைக்க வேண்டுமா?

வேண்டாம். ஈபி கார்டு, சிலிண்டர் ரசீது, பெட்ரோல் செலவு, குப்பைத் தொட்டி, இந்த நான்கும் போதும். இந்திய மின்தொகுப்பில் நிலக்கரியின் பங்கு இன்னும் பெரிது என்பதால், நாம் எரிக்கும் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது (இந்தப் பக்கத்தில் சுருக்கமாகக் கார்பன் என்று சொல்வது இதைத்தான்). ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ, டீசலுக்கு 2.7 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 42 கிலோ. குப்பைக் கிடங்கில் ஆழமாகக் குவிந்து அழுகும் ஈரக்குப்பைக்கு, கிலோவுக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அதில் வருவது மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு சூடேற்றும்.

உதாரணத்துக்கு 40 வீடுகள் உள்ள ஒரு பிளாக்கை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட், வருடத்துக்கு 8 சிலிண்டர், மாதம் 20 லிட்டர் பெட்ரோல், தினம் 600 கிராம் ஈரக்குப்பை. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொது வசதிகளுக்கான காமன் மீட்டரில் இரண்டு மாதத்துக்கு 1,500 யூனிட். கூட்டிப் பார்த்தால் வீடுகளுக்குள் ஓடும் மின்சாரம் 84 டன், பெட்ரோல் 22 டன், சமையல் கேஸ் 13 டன், குப்பை 9 டன், காமன் மீட்டர் 6 டன். மொத்தம் வருடத்துக்கு 134 டன் வருகிறது. உங்கள் எண்களைப் போட்டால் கொஞ்சம் மாறும். ஆனால் மின்சாரம்தான் முதலிடத்தில் நிற்கும். 2023-இல் சென்னை மாநகராட்சி வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டமும் இதையே காட்டுகிறது. நகரத்தின் உமிழ்வில் சுமார் 72 சதவீதம் கட்டடங்களிலும் தொழில்களிலும் செலவாகும் மின்சாரம், எரிபொருளால் வருவது. போக்குவரத்து 16, குப்பை 12.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். அதன் பிறகு கூட்டங்களில் நடக்கும் வாக்குவாதத்தின் தரம் உயரும்.

இந்தியாவில் ஆளுக்கு வருடத்துக்கு இரண்டு டன் சுற்றித்தான். அமெரிக்காவில் அதைப் போல ஆறேழு மடங்கு. நாம் ஏன் குறைக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. நாட்டுச் சராசரியை வைத்துப் பேசும்போது இந்த வாதம் நிற்கும், உலக மாநாடுகளில் அதைச் சொல்லவும் வேண்டும். ஆனால் ஒரே கேட்டுக்குள் மூன்று ஏசி, இரண்டு கார் உள்ள வீடும் இருக்கிறது, ஒற்றை மின்விசிறியோடு வாட்ச்மேன் அறையும் இருக்கிறது. முதல் வீட்டின் கணக்கு ஐரோப்பியச் சராசரியைத் தொட்டுவிடக்கூடியது. சராசரிக்குப் பின்னால் நின்றுகொள்ளும் உரிமை வாட்ச்மேனுக்குத்தான் உண்டு. எனவே இந்தப் பக்கத்தில் வரும் யோசனைகள் எல்லாம் நிறையச் செலவழிப்பவர்களை நோக்கியவை. நூறு யூனிட்டுக்குள் பில் வருகிற வீட்டுக்காரரிடம் போய் விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள்.

சரி, முதலில் எதில் கை வைப்பது?

ஏசியிலும் மின்விசிறியிலும்.

ஏசியைப் பொறுத்தவரை, செட் செய்யும் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 2020 முதல் விற்கப்படும் அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதியும் அதை ஒட்டித்தான் வந்தது. 20-இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குபவர், 24-இல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டால் ஏசி செலவில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். ஒரு பைசா முதலீடு இல்லை. ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுவதும் அப்படித்தான்.

மேல் மாடி வீட்டுக்காரர்களுக்கு 24 போதவில்லை என்றால் குறை அவர்களிடம் இல்லை, கூரையில் இருக்கிறது. நாள் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் இரவு பன்னிரண்டு மணி வரை சூட்டைக் கீழே விடும். மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கலாம், வெள்ளை டைல்ஸ் பதிக்கலாம். காசு குறைவென்றால் சுண்ணாம்பு அடித்தாலும் ஓரிரு கோடைக்குத் தாங்கும். இது பொதுக்கூரை, அதனால் பொதுச் செலவு. மேல் மாடிக்காரர் தன் கையிலிருந்து போட வேண்டும் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். லிஃப்டை மேல் மாடிக்காரர்தான் அதிகம் பயன்படுத்துகிறார் என்றும் அதே ஆள்தான் சொல்வார்.

மின்விசிறி நாள் முழுக்க ஓடுவது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட் சுற்றித்தான் எடுக்கும். தினம் 15 மணி நேரம் ஓடும் ஃபேனை மாற்றினால் வருடத்துக்கு 200 யூனிட்டுக்கு மேல் மிச்சம். வீட்டுக்கு மூன்று என்று 40 வீடுகளும் மாற்றினால் 24,000 யூனிட், அதாவது 17 டன்னுக்குக் குறையாது. சங்கம் மூலமாக மொத்தமாக வாங்கினால் விலை பேச முடியும். பொருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் வழியாக இணைத்துவிட்டு "புது ஃபேன் சரியில்லை" என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. எலக்ட்ரீஷியனை ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் வரவழைத்தால் கூலியும் குறையும்.

எல்இடி விளக்கு பற்றி எழுத ஒன்றுமில்லை. பெரும்பாலும் எல்லோரும் மாற்றியாகிவிட்டது.

வருடா வருடம் ஏசிக்கு கேஸ் நிரப்புகிறோம். அதற்கும் கார்பனுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, மேலே நாம் போட்ட 134 டன்னிலும் இது சேரவில்லை. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 வாயு கார்பன் டை ஆக்சைடைப் போல 1,800 மடங்கு சூடேற்றக்கூடியது. ஆர்-410ஏ 2,000 மடங்குக்கு மேல். புதியவற்றில் பரவலாக உள்ள ஆர்-32 கூட 675 மடங்கு. ஒன்றரை டன் ஏசியில் சுமார் ஒரு கிலோ வாயு இருக்கும். ஒரு பழைய ஏசியின் கேஸ் முழுக்கக் கசிந்தால் அது 2,500 யூனிட் மின்சாரம் எரித்ததற்குச் சமம். ஆர்-290 என்ற புரொப்பேன் வாயுவில் ஓடும் ஏசிகளுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

நல்ல நிலையில் உள்ள ஏசிக்கு வருடா வருடம் கேஸ் தேவைப்படாது. குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. சென்னையில் கடல் காற்றும், சில இடங்களில் கால்வாய் பக்கத்துச் சாக்கடை வாயுவும் செம்புக் காயிலை அரித்துவிடும். மெக்கானிக் வந்து டாப்-அப் செய்துவிட்டுப் போனால் அடுத்த மே மாதம் திரும்ப வருவார். நைட்ரஜன் அடைத்து ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே கேஸ் ஏற்றச் சொல்லுங்கள். வீடு மாறும்போது ஏசியைக் கழற்றுபவர் குழாயை அப்படியே வெட்டிவிடாமல், வாயுவை வெளி யூனிட்டுக்குள் இழுத்து மூடும் 'பம்ப் டவுன்' செய்ய வேண்டும். பத்து நிமிட வேலை. சங்கமே ஒரு நல்ல மெக்கானிக்கோடு ஆண்டு ஒப்பந்தம் போட்டு, இந்த இரண்டையும் நிபந்தனையாக எழுதலாம்.

காமன் மீட்டரில் என்ன குறைக்க முடியும்?

தொகை சிறியதுதான், ஆனால் முடிவு சங்கத்தின் கையில் இருப்பதால் சீக்கிரம் நடக்கும். பெரும்பாலான பிளாக்குகளில் பெரிய மின்சாரத் தின்னி, தண்ணீர் மோட்டார். மூன்று நான்கு முறை காயில் கட்டிய பழைய மோட்டார், அதே தண்ணீரை ஏற்ற முன்பைவிட அதிக நேரம் ஓடும். சம்பிலிருந்து டேங்க் நிரம்ப எவ்வளவு நேரம், மீட்டர் எவ்வளவு நகர்ந்தது என்று ஒருநாள் வாட்ச்மேனைக் குறித்துவைக்கச் சொன்னால் தெரிந்துவிடும். டேங்க் நிரம்பியதும் தானே நிற்கும் லெவல் கன்ட்ரோலர் போடுங்கள். மொட்டை மாடியிலிருந்து அருவி மாதிரி தண்ணீர் கொட்டுவது நம் ஊரில் காலைக் காட்சிகளில் ஒன்றாகிவிட்டது.

முடிந்தவரை மோட்டாரைப் பகல் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் ஓட்டுங்கள். அந்த நேரத்தில் சூரிய மின்சாரம் தொகுப்பில் நிறைய இருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் எண்ணூர்ப் பக்கத்து அனல் நிலையங்கள்தான் இழுக்க வேண்டும். துணி துவைக்கும் மெஷினுக்கும் இதே யோசனை பொருந்தும்.

படிக்கட்டு, பார்க்கிங் விளக்குகளுக்கு சென்சார் போடலாம். ஜெனரேட்டரை லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும் ஒதுக்குங்கள். ஒரு லிட்டர் டீசலில் மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும். கிரிட்டைவிட, அதாவது மின்தொகுப்பைவிட, அழுக்கான மின்சாரம் அது, விலையும் பல மடங்கு.

மொட்டை மாடியில் சோலார் போடலாமா? எல்லோருக்கும் பொதுவான மாடியாயிற்றே?

போடலாம், போடவும் வேண்டும். இந்தப் பட்டியலில் ஒரு குடியிருப்பு சேர்ந்து செய்யக்கூடிய பெரிய வேலைகளில் ஒன்று. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு நான்கு யூனிட், வருடத்துக்கு 1,400 யூனிட் அளவில் கிடைக்கும். 10 கிலோவாட் போட்டால் வருடத்துக்கு 10 டன் குறையும். நம் உதாரண பிளாக்கின் காமன் மீட்டர் முழுவதையும் அடைத்து மிச்சமும் இருக்கும்.

மத்திய அரசு 2024-இல் தொடங்கிய பிஎம் சூரிய கர் திட்டத்தில், தனி வீட்டுக்கு முதல் இரண்டு கிலோவாட்டுக்கு தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் உண்டு. குடியிருப்போர் சங்கங்களுக்கு, பொது வசதிகளுக்காகப் போடும்போது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். இது பல சங்கங்களுக்குத் தெரியவில்லை. சங்கம் பதிவு செய்யப்பட்டதாக, வங்கிக் கணக்கோடு இருந்தால் வேலை சுலபம்.

தொழில்நுட்பத்தைவிட மாடி அரசியல்தான் கடினம். வடாம் எங்கே காயப்போடுவது, துணி எங்கே உலர்த்துவது, மாடியில் எனக்குத்தான் உரிமை என்று மேல் வீட்டுக்காரர் பில்டர் தந்த ஒரு தாளைக் காட்டுவது, எல்லாம் வரும். ஆள் நடக்கும் உயரத்துக்கு இரும்புச் சட்டம் எழுப்பி அதன் மேல் பேனல் போட்டால் கீழே துணியும் காயும், மாடிக்கு நிழலும் கிடைக்கும். செலவு கொஞ்சம் கூடும், சண்டை குறையும். சட்டத்தைத் தளத்தில் எப்படிப் பிணைக்கிறார்கள் என்று பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசிய ஊர் இது. காற்று வேகத்துக்கான வடிவமைப்புக் கணக்கை எழுத்தில் கேளுங்கள், ஆணி அடித்த இடத்தில் தண்ணீர் ஒழுகாது என்ற உத்தரவாதத்தையும் சேர்த்து.

பகலில் மிஞ்சும் மின்சாரம் கிரிட்டுக்குப் போகும். அதற்கான கணக்கு முறை வீட்டு இணைப்புக்கு ஒன்று, பொது இணைப்புக்கு வேறு என்று இருப்பதால், உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கொள்ளளவை முடிவு செய்யுங்கள். விற்பவர் சொல்லும் கிலோவாட் அவருக்கு வசதியான கிலோவாட்டாக இருக்கும். அப்புறம், பேனலை வாரம் ஒருமுறையாவது கழுவ யார் பொறுப்பு என்று முதலிலேயே எழுதிவையுங்கள். மெயின் ரோட்டுத் தூசி படிந்தால் உற்பத்தி கண்ணுக்குத் தெரிந்தே இறங்கும்.

சோலார் இருந்தால் கரண்ட் கட் ஆகும்போது லிஃப்ட் ஓடுமா?

ஓடாது. கிரிட்டோடு இணைத்த அமைப்பு, கிரிட் போனதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. பேட்டரி சேர்த்தால் ஓடும், விலை அதற்கேற்ப.

கேஸ் அடுப்பை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறினால் குறையுமா?

இன்றைய நிலையில், நம் மின்தொகுப்பை வைத்துப் பார்த்தால், குறையாது. ஒரு கிலோ கேஸ் எரிந்து பாத்திரத்துக்குத் தரும் சூட்டை இண்டக்‌ஷனில் பெற ஒன்பது யூனிட் அளவில் வேண்டும். கேஸில் 3 கிலோ, இண்டக்‌ஷனில் 6 கிலோ கார்பன். சோலார் உள்ள வீட்டில், பகல் சமையலுக்கு என்றால் இண்டக்‌ஷன் வெற்றி பெறும். மின்தொகுப்பில் காற்றாலையும் சோலாரும் கூடக் கூட இந்தக் கணக்கு மாறும். அடுப்படிப் புகைக்கும் இறக்குமதிச் செலவுக்கும் இண்டக்‌ஷன் நல்லது என்பது வேறு விஷயம், அதற்காக மாறுபவர்கள் மாறட்டும். குக்கர், மூடி போட்ட பாத்திரம், பருப்பை ஊறவைத்து வேகவைப்பது, இவை எந்த அடுப்பிலும் பலன் தரும்.

குப்பையைப் பிரித்துக் கொடுத்தால் கீழே ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள். அப்புறம் எதற்குப் பிரிக்க வேண்டும்?

அப்படி நடக்கிற இடங்கள் இருக்கின்றன. அதனால்தான் ஈரக்குப்பை கேட்டைத் தாண்டவே கூடாது என்கிறோம். பெருங்குடி, கொடுங்கையூர் கிடங்குகளில் பல பத்தாண்டுகளாகக் குவிந்ததை அகழ்ந்து பிரிக்கும் வேலை நடந்துவருகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடி கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. உள்ளே மீத்தேன் ஊறும் குப்பை மலை பற்றிக்கொண்டால் எளிதில் அணையாது. பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம். மலையை ஊட்டுவது நம் வீட்டுச் சாம்பார் மிச்சமும் காய்கறித் தோலும்தான். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்கள் முடிந்தவரை உள்ளேயே மக்கவைக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன.

நம் 40 வீட்டுக்கு தினம் 24 கிலோ ஈரக்குப்பை. இதை உள்ளேயே உரமாக்கினால் வருடத்துக்கு 9 டன்னில் பெரும்பகுதி போய்விடும். பல லட்ச ரூபாய்க்கு வாங்கும் 10 கிலோவாட் சோலாருக்கு ஏறக்குறைய ஈடான பலன், அதில் சிறு பங்குச் செலவில். அதனால் பணமில்லாத சங்கம் இங்கே தொடங்கலாம்.

காற்றோட்டமுள்ள கம்பி வலைத் தொட்டி நான்கு போதும். ஒன்று நிரம்ப, ஒன்று மக்க, ஒன்று ஆற, ஒன்று கையிருப்பு. ஒரு பங்கு ஈரக்குப்பைக்கு ஒரு பங்கு காய்ந்த சருகு அல்லது தேங்காய் நார்த்தூள். முதல் தடவை புளித்த மோரோ பழைய உரமோ கலந்துவிட்டால் சீக்கிரம் பிடிக்கும். வாரம் இருமுறை கிளற வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு போடுங்கள். வெள்ளைப் புழு நெளிந்தாலும் அதே மருந்து. இரண்டு மாதத்தில் கறுப்பு உரம் கிடைக்கும். இளநீர் மட்டையையும் மாங்கொட்டையையும் போடாதீர்கள், அவை இரண்டு சங்கத் தேர்தலைத் தாண்டியும் அப்படியே கிடக்கும். கறி, மீன் கழிவைக் கொஞ்சமாக, நடுவில் புதைத்துப் போட்டால் பிரச்சினை இல்லை.

24 மணி நேரத்தில் உரம் தரும் மின்சார இயந்திரம் என்று விற்க வருவார்கள். பெரும்பாலானவை குப்பையைச் சூடாக்கி உலர்த்துகின்றன, மக்கவைப்பதில்லை. மண்ணில் போட்டு ஈரம் பட்டதும் மறுபடி நாறும். கரண்ட் செலவு வேறு. வாங்காதீர்கள்.

ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்ல வேண்டும். பிரிக்கும் வேலை வீட்டில் நடக்க வேண்டும், தூய்மைப் பணியாளர் கையில் விடக் கூடாது. தொட்டியைக் கிளறும் வேலையை அவரிடம் தந்தால் அதற்குத் தனி ஊதியமும் கையுறையும் தர வேண்டும். நாப்கின், டயப்பரைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். சருகை எரிக்காதீர்கள். அது உரத்தொட்டிக்கு வேண்டிய மூலப்பொருள்.

தண்ணீருக்கும் கார்பனுக்கும் என்ன தொடர்பு?

டேங்கர் லாரிதான். 12,000 லிட்டர் லாரி போக வர 50 கிலோமீட்டர் ஓடினால் 12 லிட்டர் டீசல், 32 கிலோ கார்பன். ஆயிரம் லிட்டருக்கு 2.7 கிலோ ஆகிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் ஆகிறது, அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு. சொந்தக் கிணற்றிலிருந்து ஏற்றினால் இதில் சிறு பகுதிகூட ஆகாது. தமிழகம் 2003 வாக்கிலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. குழாய்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன, குழிகள்தான் மண் மூடிக் கிடக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன், செப்டம்பரில் ஒருநாள் ஆள் வைத்துத் தூர்வாரி, ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். குழாய் நுனியில் மாட்டும், தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும் ஏரேட்டர் விலை மலிவு, சமையலறைத் தண்ணீர் கணிசமாகக் குறையும்.

பெட்ரோலை எப்படிக் குறைப்பது? எல்லோரும் எலக்ட்ரிக் வண்டி வாங்க முடியுமா?

ஒருவர் ஒரு கிலோமீட்டர் போக வெளியாகும் கார்பனை ஒப்பிடுங்கள். நெரிசலில் தனியாகக் காரில் போனால் 190 கிராம், பெட்ரோல் ஸ்கூட்டரில் 50, எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் 25, நாற்பது பேர் ஏறிய டீசல் பேருந்தில் 17. ஆக எலக்ட்ரிக் கார் வாங்கும் வசதி உள்ளவரும் பஸ் ஏறுபவரைத் தாண்டிவிட முடியாது. தமிழகத்தில் 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்து இலவசம். சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின.

குடியிருப்பு செய்யக்கூடியது மூன்று. ஒரே பள்ளிக்கு எட்டுக் கார் போகிறதா என்று பார்த்து ஒரு வேன் பேசுவது. ஒரே ஐடி சாலைக்குப் போகிறவர்களின் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது. தினம் 30 கிலோமீட்டர் ஓடும் ஒரு கார் நின்றாலே வருடத்துக்கு ஒன்றரை டன் அளவில் குறையும். மூன்றாவது, பஸ் ஸ்டாப் வரை நடக்க நடைபாதை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கவுன்சிலரிடம் சங்கத்தின் முத்திரையோடு மனு கொடுப்பது. மெட்ரோ நிலையம் அரை கிலோமீட்டரில் இருந்தும் காரில் போகிறவர்களைக் கேட்டால், நடக்க வழியில்லை என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை.

பார்க்கிங்கில் சார்ஜிங் பாயின்ட் கேட்பவருக்கு மறுக்காதீர்கள். அவரவர் மீட்டரிலிருந்து தனி வயர், தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), தகுந்த லோடு அனுமதி, இந்த மூன்றும் இருந்தால் போதும். படிக்கட்டு பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுப்பதை மட்டும் விடவே கூடாது.

மரம் நட்டால் ஈடுகட்டிவிடலாமே?

நன்றாக வளர்ந்த மரம் வருடத்துக்கு இருபது கிலோ அளவில் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும் என்று வைத்தாலும், நம் 134 டன்னுக்கு 6,700 மரம் வேண்டும். இடம் எங்கே? மரத்தை நிழலுக்காக நடுங்கள். மேற்குச் சுவரில் வெயில் விழாமல் ஒரு புங்கையோ வேம்போ நின்றால் அந்தப் பக்க அறைகளில் ஏசி தாமதமாகத் தொடங்கும். அதில் மிஞ்சும் மின்சாரம், மரம் உறிஞ்சுவதைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். நட்ட பிறகு வேரைச் சுற்றி சிமெண்ட் பூசாதீர்கள்.

மஞ்சப்பை?

நல்ல பழக்கம், பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் கால்வாயை அடைக்காமலிருக்க அது உதவும். கார்பன் கணக்கில் அதற்கு இடம் மிகச் சிறிது.

வாடகைக்கு இருப்பவர் என்ன செய்ய முடியும்?

ஃபேனை வாங்கி மாட்டி, போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். சோலார், கூரை, மோட்டார் எல்லாம் உரிமையாளர் காசு. பலனோ குடியிருப்பவர் பில்லில். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, பொது வேலைகளை மெயின்டனன்ஸில் அல்லாமல் உரிமையாளர்கள் தரும் கார்பஸ் நிதியில் செய்வது. வாடகைக்காரரையும் கூட்டத்தில் பேச விடுங்கள். கட்டடத்தில் தினம் இருப்பவர் அவர்தான்.

எங்கள் ஆட்களை வைத்துக்கொண்டு எதுவும் நடக்காது. எப்படித் தொடங்குவது?

இங்கிலாந்தின் செஷர் வட்டாரத்தில் ஆஷ்டன் ஹேஸ் என்று ஒரு சிற்றூர், ஆயிரம் பேர் இருப்பார்கள். 2006-இல் கார்பன் சமநிலைக் கிராமம், அதாவது வெளிவிடும் கார்பனும் ஈடுகட்டும் கார்பனும் சமமாக இருக்கும் ஊர், ஆகும் முயற்சியைத் தொடங்கினார்கள். செஸ்டர் பல்கலைக்கழக மாணவர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்துக் கொடுத்தார்கள். பத்தாண்டில் உமிழ்வை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தார்கள். பெரிய திட்டம் எதுவும் இல்லை. துணியை வெயிலில் உலர்த்துவது, விமானப் பயணத்தைக் குறைப்பது, வீட்டுச் சுவர்களுக்குக் காப்பு போடுவது, இவைதான். அரசியல்வாதிகளைப் பேச அழைக்காமல் தொடங்கினார்கள். யாரையும் குற்றம் சொல்வதில்லை என்ற வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள்.

நம் ஊருக்கு அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது, வருடா வருடம் கணக்கெடுத்ததும் யாரையும் திட்டாததும். பொதுக்குழுவில் பன்னிரண்டு தீர்மானம் போடாதீர்கள். உரத்தொட்டியை மட்டும் வைத்து ஒரு பருவம் ஓட்டுங்கள். மறுப்பவரை விட்டுவிடுங்கள். ஃபேன் மாற்றிய பக்கத்து வீட்டின் பில் குறைந்தது தெரிந்தால் அந்த விஷயத்துக்கு அவரே வருவார், எந்த பிராண்ட் நல்லது என்று பாடமும் எடுப்பார்.

நாங்கள் கிராமம். இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

உங்கள் கையில் நகரத்தாரைவிடப் பெரிய கருவி இருக்கிறது, பஞ்சாயத்து. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், பஞ்சாயத்துச் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்த்து ரூ.1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006-இல் வாங்கியது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்சாரத்தைவிட அதிகமாக உற்பத்தி செய்து, மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். காற்றாலை நின்றது ஊருக்குள் இல்லை, காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கத்தில். கேரளத்தில் வயநாட்டின் மீனங்காடி பஞ்சாயத்து 2016-இல் கார்பன் சமநிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே மரத்தை அடமானமாக வைத்து, மரத்துக்கு வருடம் 50 ரூபாய் வட்டியில்லாக் கடன் தருகிறார்கள். மரத்தை வெட்டினால் கடனைத் திருப்ப வேண்டும்.

நெல் விளையும் ஊர் என்றால் பெரிய கணக்கு வயலில்தான். எப்போதும் நீர் தேங்கிய வயல் மீத்தேன் விடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது நீர் வடிந்து காய்ந்த பிறகே மறுபடி, தண்ணீர் கட்டினால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும், மோட்டார் ஓடும் நேரமும் குறையும். இது புதிதாகக் கற்க வேண்டியதில்லை, திருந்திய நெல் சாகுபடி செய்தவர்களுக்குத் தெரிந்ததுதான். மடைக்குப் பொறுப்பானவர்களும் பக்கத்து வயல்காரரும் ஒத்துவர வேண்டும் என்பதால் இதை கிராமசபையில் வைத்துப் பேசுவது நல்லது. இப்போது வருடத்துக்கு ஆறு கிராமசபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தை எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போய் வாய்மொழியாகச் சொன்னால் பதிவேட்டில் ஏறாது.

குறைத்த கார்பனை கிரெடிட்டாக (இவ்வளவு குறைத்தோம் என்ற, விற்கக்கூடிய சான்றாக) விற்றுப் பணம் பார்க்கலாமா?

உங்கள் அளவுக்கு முடியாது. நூறு டன்னைச் சரிபார்க்க வருகிறவரின் கட்டணம் அதன் விலையை விழுங்கிவிடும். விற்றுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்டு யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.